மழை அறுக்கும் வளையம்: ரீயூனியன் தீவைச் சுற்றிய பாதைகளின் கதை

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறிய தீவு இருக்கிறது. பெயர் ரீயூனியன். பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. பக்கத்து வீடு மொரீஷியஸ். பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். கடற்கரையை ஒட்டியே ஒரு சுற்று வந்தால் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெயில் நாளில் காரில் கிளம்பினால் காலையில் புறப்பட்டு மாலைக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

ஆனால் மழை நாளில்? அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே இந்தத் தீவின் முந்நூறு ஆண்டு வரலாறு கழிந்திருக்கிறது என்றால் மிகையாகாது. மலைமேல் கல் பதித்துப் பார்த்தார்கள். படகில் போய்ப் பார்த்தார்கள். மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். பாறையின் அடியில் சாலை போட்டார்கள். கடைசியாகக் கடலுக்குள்ளேயே தூண் நட்டுப் பாலம் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மழை வந்து எங்காவது ஓரிடத்தில் அந்த வளையத்தை அறுத்துவிட்டுப் போனது.

உலக சாதனை படைத்த மழை

முதலில் அந்த மழை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம்.

1966ஆம் ஆண்டு ஜனவரி 7, 8 தேதிகளில் டெனிஸ் என்ற புயல் இந்தத் தீவைத் தாக்கியது. அப்போது ஃபொக்-ஃபொக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 1,825 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையின் சராசரியே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். அதைவிட அதிகமான மழை அங்கே ஒரே நாளில் கொட்டித் தீர்த்திருக்கிறது. 24 மணி நேர மழையில் இன்றுவரை உலக சாதனை இதுதான்.

1980 ஜனவரியில் வந்த ஹயசிந்த் புயல் தீவை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கொமெர்சோன் எரிமலை வாய்ப் பகுதியில் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே இடத்தில் 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர். இவையும் உலக சாதனைகளே.

ஏன் இவ்வளவு மழை? காரணம் மலை. தீவின் நடுவில் நிற்கும் பித்தோன் தெ நெய்ஜ் சிகரத்தின் உயரம் சுமார் 3,070 மீட்டர். நம் தொட்டபெட்டாவை விட 400 மீட்டருக்கு மேல் உயரம். கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்கிழக்குக் காற்று இந்தச் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. மேலே ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும் மழையாகக் கொட்டுகிறது. அதனால் கிழக்குச் சரிவில் ஆண்டுக்குப் பல மீட்டர் மழை பெய்கிறது. மலைக்கு மறுபக்கம் மேற்குக் கரையில் சில ஊர்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளமும் இந்தப் பக்கம் கோவையும் இருப்பதைப் போன்ற கதைதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள புயல் காலத்தில் இந்தக் கணக்கும் மாறிவிடும். அப்போது மழை எந்தப் பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை.

மலை இப்படிச் செங்குத்தாக இருப்பதால் மக்கள் பெரும்பாலும் கரையோரத்திலேயே குடியேறினார்கள். ஊர்கள் எல்லாம் ஒரு மாலையைப் போலத் தீவைச் சுற்றி அமைந்துவிட்டன. அந்த ஊர்களை இணைக்க வேண்டும் என்றால், மலையில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு காட்டாற்றையும் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். வருடத்தில் பல மாதம் வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கும் ஆறுகள் அவை. மேலே மழை பிடித்தால் சிறிது நேரத்துக்குள் பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கும். கீழே கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடுவதும் உண்டு.

படகும் கல்பாதையும்

1665இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நிலையாகக் குடியேறினார்கள். அப்போது தீவின் பெயர் பூர்போன். முதலில் குடியேறியது மழை குறைந்த மேற்குக் கரையில் உள்ள செயின்ட் பால். பிறகு 1738இல் வடக்கே உள்ள செயின்ட் டெனிஸ் தலைநகர் ஆனது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு சிக்கல் இருந்தது. செயின்ட் டெனிஸில் இருந்து மேற்கே லா பொசெஸ்ஸியோன் என்ற ஊர் வரை, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு மேல், மலை நேராகக் கடலில் போய் விழுகிறது. சுமார் 200 மீட்டர் வரை உயரமான பாறைச் சுவர். கீழே நடக்கக்கூட இடம் இல்லை.

அதனால் ஆரம்பத்தில் படகுதான் வழி. இந்தப் பாறைச் சுவரின் நடுவில் ஒரு பிளவு உண்டு. ஓர் ஓடை கடலில் வந்து சேரும் இடம். அதன் பெயர் கிராந்த் ஷலூப். பெரிய படகு என்று பொருள். இந்தச் சின்ன இடத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

கடல் எப்போதும் படகுக்கு இடம் கொடுப்பதில்லை. புயல் காலத்தில் துறையில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைக்கூடக் கரையில் மோதி உடையாமல் இருக்க நடுக்கடலுக்கு ஓடிவிடச் சொல்வது அங்கே வழக்கமாக இருந்தது. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், நிர்வாகி கிரெமோன் என்பவர் காலத்தில், மலைமேல் ஏறி இறங்கும் ஒரு கல்பாதை அமைக்கப்பட்டது. கருங்கற்களை ஒன்றோடு ஒன்று நெருக்கிப் பதித்த பாதை அது. மண்பாதையாக விட்டிருந்தால் ஒரு மழைக்குத் தாங்கியிருக்காது. அந்தக் கற்களைச் சுமந்தவர்கள் அடிமைகள். பாதைக்கு நிர்வாகியின் பெயர் நிலைத்தது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1810 ஜூலை 7ஆம் தேதி ஆங்கிலேயப் படையின் ஒரு பிரிவு கிராந்த் ஷலூப்பில்தான் வந்து இறங்கியது. மற்றொரு பிரிவு தலைநகருக்குக் கிழக்கே, ரிவியேர் தெ ப்ளுயி என்ற ஆற்றின் முகத்தில் இறங்கியது. அந்தப் பெயருக்கு 'மழைகளின் ஆறு' என்று அர்த்தம். ஜூலை அங்கே குளிர்காலம், மழை குறைந்த காலம். ஆங்கிலேயர் நல்ல மாதத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும் கடல் அலை கிழக்குப் பக்கம் இறங்கியவர்களைப் பாடாய்ப் படுத்தியது. இந்தப் படையில் மதராஸ் படைப்பிரிவின் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியவேண்டிய செய்தி. ஓரிரு நாளில் தீவு கைமாறியது. 1815 வரை ஆங்கிலேயர் வசம் இருந்தது. அவர்கள் போன பிறகும் அந்தக் கல்பாதைக்கு 'ஆங்கிலேயர் பாதை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் மக்கள் அதில் மலையேற்றம் போகிறார்கள்.

தமிழர்கள் காத்திருந்த இடம்

1848 டிசம்பர் 20இல் ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். மதராஸ், பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்களை அங்கே 'மலபார்' என்று அழைத்தார்கள். இன்றும் அவர்கள் சந்ததியினர் தேர் இழுக்கிறார்கள், தீமிதிக்கிறார்கள்.

கப்பலில் தொற்றுநோய் இருக்கலாம் என்ற அச்சத்தால் வந்தவர்களை நேரே ஊருக்குள் விடவில்லை. தனிமைப்படுத்தி வைக்க ஓர் இடம் வேண்டும். ஊரில் இருந்து எளிதில் போகமுடியாத இடமாக இருக்கவேண்டும். எங்கே அமைத்தார்கள்? அதே கிராந்த் ஷலூப்பில். 1860களில் அங்கே தனிமை முகாம்கள் செயல்பட்டன. இரண்டு பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். போக்குவரத்துக்குத் தடையாக இருந்த இடமே அரசுக்கு வசதியான வேலியாக மாறியது. அந்தக் கட்டிடங்களில் ஒரு பகுதி இப்போது நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது.

மலைக்குள் ரயில்

அடுத்த முயற்சி ரயில். 1882இல் மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது. கிழக்கே செயின்ட் பெனுவாவில் தொடங்கி, தலைநகர் வழியாக, மேற்குக் கரையைச் சுற்றித் தெற்கே செயின்ட் பியர் வரை 126 கிலோமீட்டர். பிரச்சினைக்குரிய பாறைச் சுவரை என்ன செய்தார்கள்? குடைந்தார்கள். செயின்ட் டெனிஸுக்கும் லா பொசெஸ்ஸியோனுக்கும் இடையில் மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர் சுரங்கம். நடுவில் வெளிச்சம் கிடைக்கும் இடம் கிராந்த் ஷலூப் நிலையம்.

மழையைப் பொறுத்தவரை இது புத்திசாலித்தனமான விடை. மலைக்குள் போகும் வண்டியின் மேல் பாறை விழாது. 1886இல் மேற்கே புதிய துறைமுகமும் திறக்கப்பட்டதால் சர்க்கரை மூட்டைகள் ரயிலில் வந்து நேரே கப்பலேறின. ஆனாலும் இந்த ரயில் தீவை முழுதாகச் சுற்றவில்லை. தென்கிழக்கு மூலையில் எரிமலைச் சரிவு இருப்பதால் வளையத்தின் அந்தப் பகுதி திறந்தே கிடந்தது.

கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு பெரிய தடை கிழக்கு ஆறு. மிக அதிகமாக மழை பெய்யும் சரிவுகளின் தண்ணீர் எல்லாம் சேர்ந்து வரும் ஆறு. ஆற்றுக்குள் தூண் வைத்தால் வெள்ளம் தூக்கிக்கொண்டு போய்விடும். எனவே 1890களில் ஆற்றின் நடுவே தூணே இல்லாத ஒரு தொங்கு பாலம் கட்டினார்கள். 1970களின் இறுதி வரை வண்டிகள் அதன்மேல் ஓடின. இப்போது பக்கத்தில் புதிய பாலம் இருக்கிறது. பழைய பாலத்தில் மக்கள் வேடிக்கை பார்க்க நடக்கிறார்கள்.

பாறைக்கு அடியில் சாலை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாரியும் காரும் பெருகின. ரயில் நஷ்டத்தில் ஓடியது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பாதை படிப்படியாக மூடப்பட்டது. 1963இல் அந்தப் பாறைச் சுவரின் காலடியில், கடலை ஒட்டி, ஒரு சாலை திறக்கப்பட்டது. 1976இல் அதை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். மலைப்பாதையில் வளைந்து வளைந்து போன பயணம் சில நிமிடங்களில் முடிந்தது. தீவே கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு மக்கள் கொடுத்த விலை அதிகம். எரிமலைப் பாறை அடுக்கடுக்காக இருக்கும். அதன் விரிசல்களில் மழைநீர் இறங்கினால் கற்கள் கழன்று விழும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல் அலை. ஒதுங்க இடமே கிடையாது. இத்தனை ஆண்டுகளில் இருபது பேர் அளவில் அங்கே பாறை விழுந்து உயிரிழந்திருக்கிறார்கள். 2006 மார்ச்சில் நடந்த பெரிய சரிவில் இருவர் இறந்தார்கள். அதன்பின் பாறை முழுக்க இரும்பு வலை போர்த்தும் வேலைகள் தீவிரமாயின.

வலையும் போதாது என்பதால் ஒரு விதி வைத்தார்கள். மழை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பாறைப் பக்கத்து வழிகள் மூடப்படும். எல்லா வண்டிகளும் கடல் பக்கத்து வழிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். மழை இன்னும் கூடினால் சாலையே மூடப்படும். அப்போது 19ஆம் நூற்றாண்டு மலைச்சாலைதான் கதி. தினமும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிய சாலை அது. மூடப்பட்ட நாளில் தீவு இரண்டாகப் பிரிந்தது. வேலைக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், விமானம் பிடிக்கப் போனவர்கள் எல்லோரும் கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்கில் நின்றார்கள்.

தரைப்பாலங்களும் 2007ஆம் ஆண்டும்

பாறைச் சுவர் ஓரிடத்துப் பிரச்சினை. காட்டாறுகள் தீவு முழுவதும் உள்ள பிரச்சினை. சின்னச் சின்ன ஓடைகளில் எல்லாம் உயரமான பாலம் கட்டக் கட்டுப்படியாகாது. அதனால் நம் ஊரைப் போலவே அங்கும் தரைப்பாலங்கள் ஏராளம். சாதாரண நாளில் அதன்மேல் போகலாம். வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன்மேல் போகும். ஆபத்து எங்கே என்றால், முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று வண்டியை இறக்குபவர்களிடம்தான். ஓடுகிற தண்ணீருக்கு ஒரு காரைத் தூக்க முழங்கால் ஆழமே போதும். தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

பெரிய பாலங்களும் தப்பவில்லை. கமேட் புயல் வந்த 2007 பிப்ரவரியில், தெற்கே செயின்ட் எத்தியேன் ஆற்றைக் கடக்கும் இரு பாலங்களில் ஒன்று இடிந்து ஆற்றுக்குள் விழுந்தது. வெள்ளம் பாலத்தின் மேல்பாகத்தைத் தாக்கவில்லை. தூண்களின் அடியில் இருந்த மணலையும் கல்லையும் அரித்தது. கால் போனதும் உடல் சாய்ந்தது. மாற்றுப் பாலம் வர 2013 ஆனது.

அதே 2007 ஏப்ரலில் எரிமலை வெடித்துத் தென்கிழக்கு மூலையில் நெருப்புக் குழம்பு சாலையைக் கடந்து கடலில் இறங்கியது. பிப்ரவரியில் தண்ணீர் தெற்கே அறுத்தது, ஏப்ரலில் நெருப்பு கிழக்கே அறுத்தது. வெறும் 200 கிலோமீட்டர் வளையம், ஒரே ஆண்டில் இரண்டு இடத்தில் துண்டானது.

கடலுக்குள் பாலம்

புதிய நூற்றாண்டில் பொறியாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஓடைக்குள் இறங்கி ஏறாமல், மிக உயரத்தில் தாண்டிவிடுவது. 2009 ஜூனில் மேற்குச் சரிவில் 34 கிலோமீட்டர் நீளப் புதிய சாலை திறக்கப்பட்டது. ஆழமான பள்ளத்தாக்குகளை உயரமான பாலங்கள் ஒரே தாவாகத் தாண்டுகின்றன. கீழே எவ்வளவு வெள்ளம் போனாலும் மேலே போகிறவருக்கு அது ஒரு சத்தம் மட்டும்தான்.

பாறைச் சுவருக்கும் இதே வைத்தியம். சாலையைப் பாறையை விட்டுத் தள்ளி, கடலுக்குள் கொண்டுபோனார்கள். செயின்ட் டெனிஸில் இருந்து 5.4 கிலோமீட்டர் நீளக் கடல் பாலம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, 2023 மார்ச் முதல் இரு திசையிலும் பயன்பாட்டுக்கு வந்தது. பிரான்சின் மிகச் செலவு பிடித்த சாலைத் திட்டங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பாலம் எங்கே போய் முடிந்தது? கிராந்த் ஷலூப்பில்! அங்கிருந்து லா பொசெஸ்ஸியோன் வரை கடலில் கல் கொட்டிக் கரை அமைப்பதாகத் திட்டம். அவ்வளவு கல்லை எந்த மலையை வெட்டி எடுப்பது என்ற தகராறில் அந்த வேலை நின்றது. பாலம் திறந்தபோது மறுபாதி முடிந்திருக்கவில்லை. கடல் பாலத்தில் கம்பீரமாக வந்த வண்டிகள், படகுகள் ஒதுங்கிய அதே பிளவில் இறங்கி, மீண்டும் பழைய பாறைக்கு அடியில் நுழைந்தன.

நிற்கத் தெரிவதும் பயணம்தான்

2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல் தீவைத் தாக்கியது. அன்று ஊதா எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இதற்குக் கீழே உள்ள சிவப்பு எச்சரிக்கையிலேயே பொதுமக்கள் வெளியே வரக்கூடாது. ஊதா என்றால் மீட்புப் படையினர்கூட உள்ளேயே இருக்கவேண்டும். உயரமான பாலங்கள், இரும்பு வலைகள், கடல் தூண்கள் எல்லாம் இருந்தும் அன்று சாலைகளில் யாரும் இல்லை.

இதைத் தோல்வி என்று சொல்லமுடியுமா? பழைய காலத்தில் வெள்ளம் வடியும்வரை ஆற்றின் கரையில் பயணி காத்திருந்தான். படகோட்டி கடலைப் பார்த்து இன்று வேண்டாம் என்றான். சாலை வந்த பிறகுதான் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் போயே தீரவேண்டும் என்ற பிடிவாதம் வந்தது. பாறைக்கு அடியிலும் தரைப்பாலத்திலும் போன உயிர்களில் பல அந்தப் பிடிவாதத்துக்குக் கொடுத்தவை. மழை அளவு பார்த்துச் சாலையை மூடும் விதியும், வண்ண எச்சரிக்கைகளும், பழைய படகோட்டியின் அந்த அறிவை அரசாங்க உத்தரவாக எழுதி வைத்தவைதான்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் ஊர்த் தரைப்பாலங்களிலும் தண்ணீர் ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் நாலு பைக் நிற்கும். யாராவது ஒருவர், "அட, இவ்வளவுதானே" என்று இறங்கப் பார்ப்பார். உலக சாதனை மழையைப் பார்த்த ஒரு தீவு, முந்நூறு வருடம் பாதை போட்டுப் பழகிய பிறகு கற்ற பாடம், அவரைக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான். தண்ணீர் வடிந்துவிடும். பாதை அங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.